எண்ணெய்ப் பிடிகலன்

எண்ணெய்ப் பிடிகலன் என்பது உள் எரி பொறியின் கிராங்க் அறையிலிருந்து வெளிவரும் வளிமங்களில் கலந்துள்ள மசகு எண்ணெய்த் துளிகள், நீர், எரிபொருள் ஆகியவற்றைப் பிரித்துச் சேகரிக்கும் சிறு கலன் ஆகும். ஆங்கிலத்தில் ஆயில் கேட்ச் கேன் எனப்படும் இது, கிராங்க் அறையையும் பொறியின் காற்று உள்ளிழுப்புப் பகுதியையும் இணைக்கும் குழாயின் நடுவே பொருத்தப்படுகிறது. பந்தயக் கார்களில் நெடுங்காலமாக இருந்துவரும் இக்கலன், நேரடி உட்செலுத்தல் பெட்ரோல் பொறிகள் பரவிய 2000களுக்குப் பின்னர், சாதாரணக் கார் உரிமையாளர்களும் தனியே வாங்கிப் பொருத்தும் துணைப்பொருளாக மாறியது.

இத்தகைய கலன் பெட்ரோல் பொறிக்கு உண்மையில் பயன் தருகிறதா என்பது விவாதத்துக்கு உரியது. பொறியின் வகை, ஓட்டும் முறை, தட்பவெப்பம், கலனின் உள்ளமைப்பு ஆகியவற்றைப் பொறுத்தே விடை அமைகிறது. கலனில் சேர்ந்த திரவத்தின் அளவைக் கொண்டு மட்டும் பயனை அளவிட முடியாது.

கிராங்க் அறை வளிமங்கள்

பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் சிலிண்டர் சுவருடன் முற்றிலும் பொருந்தி அடைப்பதில்லை. எரிதலின்போது சிலிண்டருக்குள் தோன்றும் உயர் அழுத்தத்தால் வளிமத்தின் ஒரு சிறு பகுதி வளையங்களின் இடைவெளி வழியே கீழே கசிந்து கிராங்க் அறையை அடைகிறது. புதிய பொறியிலும் இக்கசிவு உண்டு. தேய்ந்த பொறியில் அது பன்மடங்காகும். எரிந்தும் எரியாமலும் உள்ள எரிபொருள், நீராவி, கார்பன் டை ஆக்சைடு, நைட்ரசன் ஆக்சைடுகள் ஆகியன இதில் அடங்கும். கிராங்க் அறையில் வேகமாகச் சுழலும் தண்டு எண்ணெயை வாரியடித்து நுண்துளிகளாக்குவதாலும், சூடான பரப்புகளில் எண்ணெய் ஆவியாவதாலும், கசிந்த வளிமத்துடன் எண்ணெய் மூட்டமும் கலந்துவிடுகிறது.

இவ்வளிமத்தை வெளியேற்றாவிடில் கிராங்க் அறையின் அழுத்தம் உயர்ந்து, எண்ணெய் அடைப்பு வளையங்கள் வழியே எண்ணெய் ஒழுகத் தொடங்கும். நீரும் எரிபொருளும் எண்ணெயிலேயே தங்கி அதைச் சேறாக்கும். எனவே கிராங்க் அறைக் காற்றோட்டம் என்பது பொறியின் ஆயுளுக்கு இன்றியமையாத அமைப்பாகும். பிடிகலனைப் பற்றிய எந்த மதிப்பீடும் இதிலிருந்தே தொடங்க வேண்டும். ஏனெனில் கலன் பொருத்தப்படுவது இந்தக் காற்றோட்டத்தின் பாதையில்தான்.

வரலாறு

தொடக்ககாலக் கார்களில் கிராங்க் அறையிலிருந்து ஒரு குழாய் காரின் அடிப்பகுதிக்கு இறக்கப்பட்டிருந்தது. கார் ஓடும்போது குழாயின் வாயைக் கடந்து செல்லும் காற்று வளிமத்தை உறிஞ்சி வெளியே இழுத்தது. எண்ணெய் மூட்டம் சாலையிலும் காற்றிலும் கலந்தது.

1950களின் முற்பகுதியில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித், லாசு ஏஞ்சலசு நகரின் புகைமூட்டம் ஐதரோகார்பன்களும் நைட்ரசன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிவதால் உருவாகிறது என்று காட்டினார். காரின் ஐதரோகார்பன் வெளியீட்டில் கணிசமான பங்கு புகைபோக்கி வழியாக அன்றிக் கிராங்க் அறைக் குழாய் வழியாகவே வருவது பின்னர் தெரியவந்தது. இதன் விளைவாக, வளிமத்தை மீண்டும் பொறிக்குள்ளேயே செலுத்தி எரித்துவிடும் முறை, 1961ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து கலிபோர்னியாவில் விற்கப்பட்ட புதிய கார்களிலும், 1963ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து ஐக்கிய அமெரிக்கா முழுவதிலும் இடம்பெற்றது. பி.சி.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இதுவே கார்களில் பரவலாகப் பொருத்தப்பட்ட முதல் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவியாகும்.

இம்முறையில் பொறியின் உள்ளிழுப்புக் குழாய்த்தொகுதியில் நிலவும் குறையழுத்தம், பி.சி.வி. வால்வு வழியாகக் கிராங்க் அறை வளிமத்தை இழுக்கிறது. வேறொரு குழாய் வழியாகத் தூய காற்று கிராங்க் அறைக்குள் நுழைகிறது. காற்று மாசு இதனால் குறைந்தது. ஆனால் முன்பு சாலையில் விழுந்த எண்ணெய் இப்போது பொறியின் உள்ளிழுப்புப் பாதைக்கு வந்து சேர்ந்தது.

நேரடி உட்செலுத்தலும் வால்வுப் படிவும்

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இந்த எண்ணெய் பெருஞ்சிக்கலாகக் கருதப்படவில்லை. கார்புரேட்டர் பொறிகளிலும், அவற்றின் பின் வந்த நுழைவாயில் உட்செலுத்தல் பொறிகளிலும், எரிபொருள் உள்ளிழுப்பு வால்வுக்கு முன்னரே காற்றுடன் கலக்கிறது. நுழைவாயில் உட்செலுத்தலில் பெட்ரோல் வால்வின் பின்புறத்தின் மீதே தெளிக்கப்படுகிறது. பெட்ரோல் ஒரு நல்ல கரைப்பான். அதில் சேர்க்கப்படும் தூய்மையாக்கும் வேதிப்பொருட்களும் வால்வில் ஒட்டும் எண்ணெயைத் தொடர்ந்து கழுவுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் 1995 முதல் எல்லாப் பெட்ரோலிலும் இப்பொருட்கள் கட்டாயமாயின. அக்குறைந்தபட்ச அளவு போதாது என்று கருதிய பி.எம்.டபிள்யூ., ஜெனரல் மோட்டார்சு, ஓண்டா, டொயோட்டா ஆகிய நிறுவனங்கள் 2004ல் டாப் டியர் என்னும் உயர்தர வரையறையை உருவாக்கின.

நேரடி உட்செலுத்தலில் பெட்ரோல் உயர் அழுத்தத்தில் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கப்படுகிறது. 1954ல் வெளிவந்த மெர்சிடிசு-பென்சு 300 எசு.எல். காரில் இம்முறை இருந்தபோதிலும், பெருமளவு உற்பத்திக்கு இதைக் கொண்டுவந்தது 1996ல் மிட்சுபிசி நிறுவனமே. அதன் பின்னர் வோக்சுவாகன் குழுமம், பி.எம்.டபிள்யூ. முதலியனவும் இதற்கு மாறின. எரிபொருள் சிக்கனமும் ஆற்றலும் கூடின. ஆனால் உள்ளிழுப்பு வால்வின் பின்புறத்தைப் பெட்ரோல் தொடுவதே இல்லை. எவ்வளவு தரமான பெட்ரோலை நிரப்பினாலும், தொட்டியில் எத்தகைய தூய்மையாக்கியை ஊற்றினாலும், அது அவ்வால்வைச் சென்றடையாது. விற்பனையாளர்கள் பலர் சொல்லத் தவறும் செய்தி இது.

சூடான வால்வில் ஒட்டும் எண்ணெய் மெல்ல வெந்து கரிப்படிவாகிறது. படிவு தடிக்கும்போது காற்றுப் பாதை குறுகுகிறது. காற்றின் சுழற்சி மாறுகிறது. குளிர்ந்த நிலையில் பொறி தடுமாறுகிறது. உயர் வேகத்தில் ஆற்றல் குறைகிறது. 2000களின் நடுப்பகுதியில் வந்த ஆடி ஆர்.எசு.4 காரின் 4.2 லிட்டர் பொறியும், 2006ல் அறிமுகமான பி.எம்.டபிள்யூ. என்54 பொறியும் இவ்வகைப் படிவுக்காகப் பரவலாகப் பேசப்பட்டன. உள்ளிழுப்புக் குழாய்த்தொகுதியைக் கழற்றி, பொடித்த வாதுமைக் கொட்டை ஓட்டை அழுத்தக் காற்றுடன் வால்வின் மீது பீய்ச்சிப் படிவை அகற்றுவது வழக்கமான தீர்வாகும். ஓடு படிவைச் சுரண்டும் அளவுக்குக் கடினமானது. உலோகத்தைக் கீறும் அளவுக்குக் கடினமானது அன்று.

எண்ணெய்ப் பிடிகலனின் சந்தை வளர்ந்தது இந்தப் பின்னணியில்தான். எண்ணெய் வால்வுக்குப் போகும் முன்னரே அதைப் பிடித்துவிட்டால் படிவு உருவாகாது என்பது இதன் பின்னுள்ள வாதம். வாதத்தின் முதற்பகுதி சரியானது. ஆனால் கிராங்க் அறை வளிமம் மட்டுமே படிவுக்குக் காரணம் அன்று. வால்வின் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு வழியாகச் சிறிதளவு எண்ணெய் இறங்கி நேரே வால்வின் பின்புறத்தை அடைகிறது. இது எந்தக் கலனையும் கடப்பதில்லை. உள்ளிழுப்பு வால்வும் வெளியேற்று வால்வும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் கணங்களில் எரிந்த வளிமமும் கரித்துகளும் பின்னோக்கிப் பாய்கின்றன. புகை மறுசுழற்சி உள்ள பொறிகளில் அதன் பங்கும் சேர்கிறது. ஆகவே மிகச் சிறந்த கலனும் படிவைக் குறைக்கலாமே தவிர முற்றிலும் தடுக்காது.

கலன் பிரிக்கும் முறை

வளிமம் திடீரெனத் திசை மாறும்போது எடை மிகுந்த துளிகள் உடன் திரும்ப முடியாமல் தடுப்புகளில் மோதி ஒட்டுகின்றன. ஒட்டிய துளிகள் ஒன்றுசேர்ந்து பெரியனவாகிக் கீழே வடிகின்றன. நல்ல கலன்களில் தடுப்புத் தகடுகளும், வெண்கலத் துகள்களைச் சுட்டு இறுக்கிச் செய்த வடிகட்டியும் அல்லது நெருக்கமான கம்பி வலையும் இருக்கும். கீழே சேர்ந்த திரவத்தை வளிமம் மீண்டும் அள்ளிச் செல்லாதவாறு இடையில் ஒரு தட்டும் இருக்கும்.

மலிவான கலன்கள் பல, இரு துளைகள் கொண்ட வெற்று அலுமினிய டப்பாக்களே. வளிமம் ஒரு துளையில் நுழைந்து மறு துளையில் வெளியேறிவிடும். பெருந்துளிகள் சில அடியில் தங்கும். வால்வு வரை மிதந்து செல்லக்கூடிய நுண்துளிகள் தப்பிவிடும். இவற்றை வாங்கிப் பாத்திரம் துலக்கும் கம்பிச் சுருளை உள்ளே திணிப்போரும் உண்டு. அச்சுருள் துருப்பிடித்து உதிர்ந்தால் துகள்கள் பொறிக்குள்ளேயே செல்லும்.

எத்தகைய வடிகட்டியும் ஆவி நிலையில் உள்ள எண்ணெயைப் பிடிக்காது. ஆவி பிடிபட வேண்டுமானால் கலனுக்குள் அது குளிர்ந்து திரவமாக வேண்டும். எனவே கலனைப் பொறியின் சூடான பகுதிகளிலிருந்து தள்ளி, காற்றுப் படும் இடத்தில் வைப்பதே பயனுள்ளது. எண்ணெயின் தரமும் இங்குக் கணக்கில் வருகிறது. நோவாக் சோதனை எனப்படும் அளவீட்டில் எண்ணெய் 250 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் வைக்கப்பட்டு எடை இழப்பு கணக்கிடப்படுகிறது. ஐ.எல்.எசு.ஏ.சி. ஜி.எப்-5 வரையறைப்படி இழப்பு 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. எளிதில் ஆவியாகாத எண்ணெயைத் தேர்ந்தெடுப்பது, கலனால் பிடிக்க இயலாத பகுதியை மூலத்திலேயே குறைக்கிறது.

கலனில் சேர்வது என்ன

சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிய பின் கலனைத் திறந்து, அரைக் கோப்பை பழுப்புத் திரவத்தைக் காட்டுவது இக்கலன்களுக்கு ஆதரவாக வைக்கப்படும் வழக்கமான சான்று ஆகும். இத்திரவம் முழுவதும் எண்ணெய் என்று கொள்வது தவறு.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உருவாகிறது. இதில் சிறு பங்கு கிராங்க் அறைக்கும் வருகிறது. குளிர்காலத்திலும், பொறி முழுமையாகச் சூடேறாத குறும்பயணங்களிலும் இந்நீராவி கலனின் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகிறது. எரியாத பெட்ரோலும் அவ்வாறே திரவமாகிறது. இவை எண்ணெயுடன் கலந்து, பாலேடு போன்ற வெளிர்மஞ்சள் குழம்பாகத் தோன்றுகின்றன. கலன் இல்லாதிருந்தால் நீரும் பெட்ரோலும் பொறிக்குள் சென்று, படிவு எதையும் விட்டுச்செல்லாமல் புகைபோக்கி வழியே வெளியேறியிருக்கும். அவற்றைப் பிடித்ததால் வால்வுக்குக் கிடைத்த நன்மை ஏதுமில்லை.

சேர்ந்த திரவத்தை ஒளிபுகும் புட்டியில் ஊற்றிச் சில நாட்கள் அசைக்காமல் வைத்தால் நீர் அடியில் தங்கி எண்ணெய் மேலே மிதக்கும். நன்கு குழம்பாகிவிட்டால் பிரியாமலும் போகலாம். பெட்ரோல் கலந்திருப்பதால் இதைச் சூடாக்கிப் பிரிக்க முயல்வது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

எடுத்துக்காட்டாக, 10,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எண்ணெய் குறையும் ஒரு பொறியைக் கொள்ளலாம். 5,000 கிலோமீட்டரில் 500 மில்லிலிட்டர் குறையும். அதே தொலைவில் கலனில் 60 மில்லிலிட்டர் திரவம் சேர்ந்து, அதில் பாதி எண்ணெய் எனில், பிடிபட்டது 30 மில்லிலிட்டர். அதாவது குறைந்த எண்ணெயில் 6 விழுக்காடு. இதைக் கொண்டு கலன் பயனற்றது என்று முடிவுகட்டுவதும் சரியன்று. குறையும் எண்ணெயில் பெரும்பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து எரியறையில் எரிந்து போவது. அது உள்ளிழுப்பு வால்வின் பின்புறத்தை அடைவதே இல்லை. வால்வை அடையும் சிறு பங்கில் அந்த 30 மில்லிலிட்டர் பெரும்பகுதியாகவும் இருக்கக்கூடும். திரவத்தின் அளவு இரு தரப்புக்கும் சான்றாகாது.

முறையான சான்று வால்வுகளிலேயே உள்ளது. பெட்ரோலின் தூய்மையாக்கும் திறனை அளக்க ஏ.எசு.டி.எம். டி5500 என்னும் சோதனை வகுக்கப்பட்டது. இதில் ஒரு பி.எம்.டபிள்யூ. 318ஐ கார் 10,000 மைல், அதாவது சுமார் 16,000 கிலோமீட்டர் ஓட்டப்பட்டு, பின்னர் உள்ளிழுப்பு வால்வுகள் கழற்றப்பட்டுப் படிவின் எடை மில்லிகிராமில் அளக்கப்படும். அது நுழைவாயில் உட்செலுத்தல் பொறி. எனினும் படிவு நிறுத்து அளக்கக்கூடிய ஒன்று என்பதற்கு இது சான்று. பிடிகலனுக்கும் இவ்வாறே, ஒரே வகைப் பொறிகள் இரண்டை ஒரே எண்ணெயுடனும் ஒரே பெட்ரோலுடனும் ஒரே தொலைவுக்கு ஓட்டி, ஒன்றில் மட்டும் கலன் பொருத்தி, வால்வுகளை நிறுக்க வேண்டும். விளம்பரங்கள் காட்டுவது பெரும்பாலும் கலனின் அடியில் உள்ள திரவத்தையே.

டர்போ பொறிகள்

டர்போ பொறியில் கலனைப் பொருத்துவது சற்றுச் சிக்கலானது. குறைந்த சுமையில் உள்ளிழுப்புக் குழாய்த்தொகுதியில் குறையழுத்தம் நிலவ, வளிமம் பி.சி.வி. வால்வு வழியாகச் செல்கிறது. டர்போ இயங்கும்போது அதே தொகுதியில் மிகையழுத்தம் தோன்றுவதால் அவ்வால்வு மூடிக்கொள்கிறது. அப்போது வளிமம் மற்றொரு குழாய் வழியாக டர்போவின் காற்று நுழையும் பக்கத்துக்குச் செல்கிறது. கசிவு மிகுவதும் இந்நிலையில்தான். வழியில் இடைக்குளிர்ப்பானின் உட்புறத்தில் எண்ணெய் படிந்து அதன் குளிர்விக்கும் திறனைக் குறைக்கிறது. இரு பாதைகளில் ஒன்றில் மட்டும் கலனைப் பொருத்தினால் மற்றதன் எண்ணெய் வழக்கம்போல் சென்றுகொண்டிருக்கும்.

காற்றில் கலந்த எண்ணெய், கலவையின் ஆக்டேன் தரத்தைக் குறைத்து, நாக்கிங் எனப்படும் முறையற்ற எரிதலைத் தூண்டவல்லது. இதனுடன் குறைவேக முன்னெரிதல் என்னும் வேறொரு சிக்கலைச் சேர்த்துப் பேசுவது தவறான புரிதலாகும். சிறிய டர்போ நேரடி உட்செலுத்தல் பொறிகளைத் தாக்கும் முன்னெரிதலுக்கு முதன்மைக் காரணமாகக் கருதப்படுவது, பிஸ்டன் வளையங்களின் அருகிலுள்ள இடுக்கில் எண்ணெயும் பெட்ரோலும் கலந்து உருவாகும் துளிகள் ஆகும். அதற்குரிய தீர்வு எண்ணெயின் வேதியியலில் காணப்பட்டது. 2018ல் வந்த ஏ.பி.ஐ. எசு.என். பிளசு, 2020ல் வந்த எசு.பி. ஆகிய தரங்கள் இதற்கான சோதனையை உள்ளடக்கியவை.

பந்தயப் பயன்பாடு

பிடிகலனின் பயன் ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்ற இடம் பந்தயத் தடம். நீடித்த உயர் வேகமும் கூர்மையான திருப்பங்களும் எண்ணெயைக் காற்றோட்டத் துளைகளுக்கே அள்ளிவந்து சேர்க்கும். தடத்தில் சிந்தும் எண்ணெய் பின்வரும் கார்களைச் சறுக்கச் செய்யும். எனவே பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பின் விதிகள், திறந்த காற்றோட்டம் உள்ள பந்தயக் கார்களில் 2,000 கன சென்டிமீட்டர் வரையிலான பொறிக்கு 2 லிட்டர், அதற்கு மேற்பட்டதற்கு 3 லிட்டர் கொள்ளளவுள்ள கலனைக் கோருகின்றன. உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி அமைந்திருக்க வேண்டும் என்பதும் விதி.

சாலைக் காரைத் தடத்தில் ஓட்டுவோருக்கும் இது பொருந்தும். 2001ஆம் ஆண்டின் செவ்ரோலே கார்வெட் இசட்06 காரில் இடம்பெற்ற எல்.எசு.6 பொறியில், ஜெனரல் மோட்டார்சு நிறுவனம் காற்றோட்ட வாயிலை வால்வு மூடியிலிருந்து பொறியின் நடுப்பள்ளத்து மூடிக்கு மாற்றியது. திருப்பங்களில் எண்ணெய் உறிஞ்சப்படுவதைக் குறைப்பதே நோக்கம். போர்டு நிறுவனத்தின் செயல்திறன் பிரிவு மசுடாங் ஜி.டி. காருக்கு எண்ணெய்ப் பிரிப்பான்களைத் தன் பெயரிலேயே விற்றுள்ளது.

தீங்குகள்

கலன் தானாகக் காலியாவதில்லை. நிரம்பிய கலனிலிருந்து திரவம் மொத்தமாக உறிஞ்சப்பட்டால், துளித்துளியாகச் சென்றிருக்க வேண்டியது ஒரே மூச்சில் பொறிக்குள் செல்லும். வெண்புகையோடு தப்பினால் நல்லூழ்; திரவம் அழுந்தாது ஆகையால் பிஸ்டன் தண்டு வளையவும் கூடும்.

குளிர்நாடுகளில் இதைவிடப் பெரிய இடர் உண்டு. கலனிலும் குழாய்களிலும் தேங்கும் நீர் உறைந்து காற்றோட்டத்தை அடைத்துவிட்டால், கிராங்க் அறை அழுத்தம் உயர்ந்து அடைப்பு வளையங்கள் பிதுங்கும். வால்வைக் காக்கப் பொருத்திய பொருள் பொறியின் எண்ணெயையே வெளியேற்றிவிடும். கலன் மிகுதியாகத் தேவைப்படுவதுபோல் தோன்றும் குளிர்காலமே அதனால் இடர் மிகுந்த காலமும் ஆகும். கடுங்குளிர்ப் பகுதிகளில் சிலர் குளிர்காலத்தில் கலனைக் கழற்றி மூலக் குழாயை மீண்டும் பொருத்துவது இதனாலேயே.

குழாய் இணைப்பில் கசிவு இருந்தால் அளவிடப்படாத காற்று பொறிக்குள் நுழைந்து எரிபொருள் கலவையைக் குலைக்கும். எச்சரிக்கை விளக்கு எரியும். எண்ணெயும் வெப்பமும் தாங்காத மலிவான ரப்பர் குழாய்கள் மென்மையாகிக் குறையழுத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். கலனில் பிடிபட்ட எண்ணெய் கிராங்க் அறைக்குத் திரும்புவதில்லை என்பதால், அளவுகோலைப் பார்த்து எண்ணெய் நிரப்பும் வழக்கம் கைவிடப்படலாகாது. சேர்ந்த திரவத்தை மீண்டும் பொறியில் ஊற்றக் கூடாது. சாக்கடையிலும் ஊற்றக் கூடாது.

சட்ட நிலை

கலனின் வெளிவாயைக் காற்றில் திறந்துவிடும் அமைப்பு சாலைக் கார்களுக்கு உரியதன்று. ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதி 83, கிராங்க் அறை வளிமம் வெளிக்காற்றில் கலப்பதை அறவே அனுமதிப்பதில்லை. வளிமத்தை மீண்டும் உள்ளிழுப்புக்கே அனுப்பும் மூடிய கலனும் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பில் செய்யப்பட்ட மாற்றமாகவே கருதப்படலாம். கலிபோர்னியாவில் இத்தகைய பொருளுக்கு மாநிலக் காற்று வள வாரியத்தின் விலக்கு ஆணை எண் தேவை. உத்தரவாதத்தைப் பொறுத்தவரை, ஐக்கிய அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மாக்னசன்-மாசு சட்டப்படி, வேறு நிறுவனத்தின் பொருளைப் பொருத்தியதால் மட்டும் உத்தரவாதம் நீங்கிவிடாது. ஆனால் அப்பொருளே பழுதுக்குக் காரணம் என்று காட்டப்பட்டால் அப்பழுதுக்கு உரிமை கோர முடியாது.

உற்பத்தியாளர்களின் தீர்வுகள்

இன்றைய பொறிகளின் வால்வு மூடிக்குள்ளேயே வளைவுத் தடுப்புகள், சுழல் பிரிப்பான்கள், மென்படல அழுத்தச் சீராக்கி ஆகியன அமைந்துள்ளன. பிரிந்த எண்ணெய் சூடாகவே கிராங்க் அறைக்கு வடிந்துவிடுவதால் காலி செய்யும் தேவை இல்லை. இவை நன்றாக இயங்கும் பொறியில் தனிக்கலனுக்கு எஞ்சுவது குறைவே. பழைய காரில் கலனில் திடீரென மிகுதியாக எண்ணெய் சேர்ந்தால், கலனின் திறனைப் பாராட்டுவதற்கு முன் இந்தச் சீராக்கியின் மென்படலம் கிழிந்துள்ளதா, பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளனவா என்று பார்ப்பதே முறை.

வால்வுப் படிவுக்கு நேரான தீர்வு, நுழைவாயில் உட்செலுத்தலையும் நேரடி உட்செலுத்தலையும் ஒரே பொறியில் சேர்ப்பது. டொயோட்டா நிறுவனம் 2005ல் லெக்சசு ஐ.எசு.350 காரின் பொறியில் டி-4எசு என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. போர்டு நிறுவனம் 2017ஆம் ஆண்டின் எப்-150 வண்டியின் 3.5 லிட்டர் ஈகோபூசுட்டு பொறியிலும், அடுத்த ஆண்டில் மசுடாங் ஜி.டி. பொறியிலும் இம்முறைக்கு மாறியது. இத்தகைய பொறிகளிலும், நுழைவாயில் உட்செலுத்தல் மட்டும் உள்ள பழைய பொறிகளிலும், அன்றாடச் சாலைப் பயணத்துக்குத் தனிக்கலன் வாங்குவதற்கான காரணம் வலுவற்றது. நேரடி உட்செலுத்தல் மட்டும் கொண்ட டர்போ பொறியை, குளிர் கடுமையற்ற இடத்தில், கலனை ஒழுங்காகக் காலி செய்யும் பழக்கத்துடன் ஓட்டுவோருக்கு, இரு பாதைகளையும் காக்கும் தரமான கலன் வால்வுச் சுத்திகரிப்பைச் சில காலம் தள்ளிப்போடக்கூடும்.